மாம்பழ மழைக் காலத்தில் ஒரு பாராமோட்டார் முகாம்: அல்சூர் டூ-ஸ்ட்ரோக் மெக்கானிக்கின் மதிப்பீடு

எஞ்சினை முதுகில் கட்டிக்கொண்டு பறக்கும் பாராமோட்டார் முகாமுக்கு ஆளுக்கு 3,500 ரூபாய். அதற்கு சனி, ஞாயிறு இரண்டு நாளும் மைதானத்துக்குள் அனுமதி, இரவு தங்க டென்ட், சாப்பாடு. பறக்க வேண்டுமென்றால் தனியாக 4,000. இடம், கோலாரைத் தாண்டி பங்காருப்பேட்டைப் பக்கம் ஒரு பெரிய தரிசு நிலம். நேரம், ஏப்ரல் கடைசி வாரம். நடத்தியது சின்னக் குழு. குறையும் சொல்லப் போகிறேன் என்பதால் பெயரை விட்டுவிடுகிறேன், அந்த வட்டாரத்தில் பறப்பவர்களுக்குத் தானாகவே தெரிந்துவிடும்.

போகலாமா என்று கேட்பவர்களுக்கு முதலிலேயே பதில் சொல்லிவிடுகிறேன். வானத்தைப் படிக்கத் தெரிந்த ஆள் அங்கே இருக்கிறார், அந்த விஷயத்தில் தைரியமாகப் போகலாம். பெட்ரோல் கேனைக் கவனிக்கும் ஆள்தான் அங்கே இல்லை.

இதைச் சொல்ல நீ யார் என்று கேட்பீர்கள். பெங்களூர் அல்சூரில் டூ-ஸ்ட்ரோக் வண்டி மட்டுமே பார்க்கும் பட்டறை வைத்திருக்கிறேன். ஆர்எக்ஸ் 100, யெஸ்டி, எப்போதாவது ஒரு பழைய லாம்பிரெட்டா. ஆர்எக்ஸ் 100 உற்பத்தி 1996-ல் நின்றது, யெஸ்டி செய்த மைசூர் ஜாவா தொழிற்சாலையும் அதே வருஷம்தான் மூடியது. ஆனாலும் கடை முன்னால் வண்டிகள் குறைந்தபாடில்லை. ஒயிட்ஃபீல்டில் ஐடி வேலை பார்க்கும் என் அக்கா மகன் ஒருநாள் வந்து, "மாமா, டூ-ஸ்ட்ரோக் எஞ்சினை முதுகுல கட்டிக்கிட்டுப் பறக்குறாங்க, வர்றீங்களா?" என்றான். பறப்பதில் எனக்கு அப்படியொன்றும் ஆசை கிடையாது. முதுகில் கட்டும் எஞ்சினைப் பார்க்காமல் விட முடியுமா?

பாராகிளைடிங்குக்கு ஒரு மலை வேண்டும். பாராமோட்டாருக்கு வேண்டாம், சமதரை போதும். இருபத்தைந்து, முப்பது கிலோ எடையுள்ள எஞ்சினை முதுகில் மாட்டிக்கொள்கிறார்கள். அதன் பின்னால் புரொப்பல்லர், அதைச் சுற்றி வலை பின்னிய கூண்டு. தரையில் விரித்துக் கிடக்கும் விங்கை, அதாவது துணிச் சிறகை, இழுத்துக்கொண்டு ஓடினால் அது தலைக்கு மேல் எழும்பும். கையில் உள்ள திராட்டிலை அழுத்த, கால் தரையை விடுகிறது. அவ்வளவுதான். வானில் எஞ்சின் நின்றுபோனாலும் கல் மாதிரி விழாது, வெறும் பாராகிளைடராக மெதுவாக இறங்கும். இறங்க ஒரு திறந்த இடம் எட்டும் தூரத்தில் இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

அங்கே அதிகம் கண்ணில் பட்டது இத்தாலியில் செய்யும் மோஸ்டர் 185. 185 சிசி, 25 குதிரைத்திறன். நம் ஆர்எக்ஸ் 98 சிசியில் 11 குதிரைத்திறன் கொடுத்ததற்கே இந்த ஊர் இன்னமும் அதைக் கொண்டாடிக்கொண்டிருக்கிறது. பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டரில், பெட்ரோல் தேங்கும் ஃப்ளோட் கிண்ணமே கிடையாது, மரம் அறுக்கும் செயின்சாவில் வருகிற டயஃப்ரம் வகை. எஞ்சின் எப்படிச் சாய்ந்தாலும் பெட்ரோல் தடையில்லாமல் போக வேண்டும் என்பதற்காக அந்த ஏற்பாடு. சிலிண்டர் ஃபின்களையும் எக்ஸாஸ்ட்டின் வளைவையும் பார்த்தபடி நான் நின்றுவிட்டேன், மருமகன் போய் இரண்டு பேருக்கும் பதிவு செய்துவிட்டு வந்தான்.

இவ்வளவு தூரம் ஏன் போக வேண்டும் என்று சிலர் கேட்டார்கள். பெங்களூரைச் சுற்றி ஒரு பக்கம் தேவனஹள்ளி விமான நிலையம், ஒரு பக்கம் எலஹங்கா விமானப்படைத் தளம், நடுவில் எச்ஏஎல் பழைய விமான நிலையம், ஜக்கூரில் விமானப் பயிற்சிப் பள்ளி. ஊருக்குப் பக்கத்தில் காலியாக ஒரு வானம் கிடையாது. 2008-ல் பயணிகள் விமானமெல்லாம் தேவனஹள்ளிக்கு மாறுகிற வரைக்கும் அல்சூரில் எங்கள் மொட்டை மாடிக்கு மேலேதான் இறங்கும், பேசிக்கொண்டிருப்பவர்கள் பேச்சை நிறுத்திக் காத்திருப்போம். ஆகவே தொலைவைக் குறையாகச் சொல்லமாட்டேன். பழைய சென்னை ரோட்டில் விடிவதற்கு முன்னால் கிளம்பினால் நரசாபுரா தாண்டும்வரை லாரித் தொல்லையும் அதிகமில்லை.

மைதானத்துக்குள் நுழைந்தபோது மணி பத்தாகியிருக்கும். ஒருவரும் பறக்கவில்லை. குடும்பத்தோடு வந்தவர்கள் முகத்தில் ஏமாற்றம் எழுதி ஒட்டியிருந்தது. வெயில் பளிச்சென்று அடிக்கிறது, மேகமே இல்லை, அப்புறம் என்ன என்று முணுமுணுப்பு. இதை அழைப்பிதழிலேயே தெளிவாகப் போட்டிருக்க வேண்டும். விடிந்து இரண்டு மணி நேரம், பொழுது சாய்வதற்கு முன் இரண்டு மணி நேரம், இடைப்பட்ட பகல் முழுக்கத் தரையில்தான். வெயில் ஏறினால் நிலம் ஒரே மாதிரி சூடாவதில்லை. உழுத வயல் ஒரு மாதிரி, ஏரித் தண்ணீர் ஒரு மாதிரி, பாறை ஒரு மாதிரி. சூடான இடத்திலிருந்து காற்று குமிழ் குமிழாக மேலே கிளம்பும். பாராகிளைடர் ஓட்டத் தெரிந்தவர்களுக்கு அந்தக் குமிழ்தான் சாப்பாடு. டிக்கெட் வாங்கி வந்த பயணியை அதில் கொண்டுபோய் விட்டால் வாந்தியோடு இறங்குவார்.

அதோடு இது மாம்பழ மழைக் காலம். மார்ச்சிலிருந்து மே வரை பெங்களூர், கோலார் பக்கம் எல்லோருக்கும் பழக்கப்பட்ட மழைதான். வங்கக் கடல் பக்கமிருந்து வரும் ஈரக்காற்றும் உள்நாட்டு வறண்ட காற்றும் கர்நாடகத்துக்குள் எங்கேயோ சந்திக்கும். மதியம் மூன்று மணிக்கு மேல் மேகம் மளமளவென்று எழும்பும். மாலூரில் கொட்டித் தீர்க்கும்போது பங்காருப்பேட்டையில் தூசி பறக்கும். மருமகன் போனில் விண்டி என்கிற வானிலை ஆப்பைத் திறந்து காட்டினான். ஐரோப்பிய மாடல் சனி மாலை மழை இல்லை என்றது, அமெரிக்க மாடல் நான்கு மணிக்கே மழை என்றது. "எதை நம்புறது மாமா?" என்றான். எனக்கு எப்படித் தெரியும்?

அதைத் தெரிந்துவைத்திருந்தவர் களப் பொறுப்பாளர். ராணுவத்தில் இருந்து ஓய்வுபெற்றவர், பேச்சில் ஆம்பூர் வாடை. ஒரு வெள்ளைப் பலகையில் மூன்று நிற மார்க்கரில் எழுதி கன்னடம், தமிழ், இங்கிலீஷ் மூன்றிலும் விளக்கினார். இந்த முகாமில் 3,500 ரூபாய்க்கு எனக்குக் கிடைத்த உருப்படியான பொருள் அந்த அரை மணி நேரம்தான். அவர் சொன்னதில் மனதில் நின்ற கணக்கு இது: இந்த விங் காற்றில் போகும் வேகமே மணிக்கு 40 கிலோமீட்டர் அளவில்தான். எதிர்க்காற்று 40 அடித்தால் கீழே இருந்து பார்ப்பவனுக்கு நீங்கள் ஒரே இடத்தில் தொங்குவீர்கள். 45 அடித்தால் பின்பக்கமாகப் போவீர்கள், பின்னால் என்ன இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியாது. பைக்கில் போகிறவனுக்கு 25 கிலோமீட்டர் காற்று ஒரு பொருட்டே இல்லை. இங்கே புது ஆளைத் தரையிலேயே நிறுத்திவைக்க அதில் பாதி போதும்.

இடி மின்னலுக்கு தாமினி ஆப்பைத் திறந்து வைத்திருந்தார். புனே வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனம் செய்தது, பக்கத்தில் எங்கே மின்னல் விழுகிறது என்று காட்டும். "இந்த ஆப் அடிச்சா நான் அடிக்கிற விசிலை யாரும் கேள்வி கேக்கக் கூடாது" என்றார். யாரும் கேட்க மாட்டோம் என்று எல்லோரும் தலையாட்டினார்கள். சாயங்காலம் பாதிப் பேர் கேட்டார்கள்.

மதியம் முழுக்க நான் எஞ்சின் கூடாரத்தில் இருந்தேன். பைலட்டுகள் இருபது பேருக்கு மேல், பெங்களூர், சென்னை, ஹைதராபாத் என்று பல ஊர்க்காரர்கள். ஒவ்வொருவரும் அவரவர் எஞ்சினை அவரவரே பார்த்துக்கொள்கிறார்கள், நமக்கு ஏற்ற ஆட்கள். முதலில் "யார் இந்த ஆள்" என்று பார்த்தவர்கள், ஒரு பிளக்கைக் கழற்றி நிறத்தைப் பார்த்து நான் ஒரு வார்த்தை சொன்னதும் ஸ்டூல் போட்டு உட்கார வைத்துவிட்டார்கள்.

சென்னைக்காரர் ஒருவர் கோவளம் கடற்கரையில் பறப்பவர். அவருடைய எஞ்சின் அங்கே கன்றுக்குட்டி மாதிரி துள்ளுமாம், இங்கே வந்ததும் இருமுகிறது, முழுத் திராட்டில் கொடுத்தாலும் சுற்று ஏறவில்லை. பிளக் கன்னங்கரேல் என்று ஈரமாக இருந்தது. காரணம் எஞ்சினில் இல்லை, ஊரில். கோலார் கடல் மட்டத்திலிருந்து 800 மீட்டருக்கு மேலே இருக்கிறது. காற்றின் அடர்த்தி கடற்கரையில் இருப்பதில் கிட்டத்தட்ட பத்தில் ஒரு பங்கு குறைவு. கடற்கரையில் செட் பண்ணிய கார்புரேட்டர் அதே அளவு பெட்ரோலை விடுகிறது, அதை எரிக்கக் காற்றுதான் போதவில்லை. பெட்ரோல் அளவைக் கட்டுப்படுத்தும் ஊசித் திருகைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே கொடுத்து, ஓடவிட்டு, நிறுத்தி, பிளக்கைப் பார்த்து, மறுபடி ஓடவிட்டு என்று பொறுமையாகச் செய்தோம். ரொம்ப உள்ளே போனால் பெட்ரோல் குறைந்து, அதாவது லீனாகி, பிஸ்டன் பிடித்துக்கொள்ளும், அதற்கு இருமலே தேவலை. வீட்டுக்குப் போனதும் மறக்காமல் பழைய இடத்துக்குத் திருப்பி வையுங்கள் என்று டேப் ஒட்டி எழுதிக் கொடுத்தேன். ஊசியைத் திருப்பி வைக்காமல் சென்னையில் பறந்தால் லீனாக ஓடும்.

இதே மெல்லிய காற்றினால் இன்னொரு சங்கடமும் உண்டு. விங்கைத் தூக்கிப் பிடிக்க இங்கே அதிக வேகம் வேண்டும், அதாவது அதிக தூரம் ஓட வேண்டும். எஞ்சினும் முழுச் சக்தி கொடுக்காது. கடற்கரையில் பத்தடி ஓடி எழும்பியவர்கள் இங்கே மூச்சிரைக்க ஓடினார்கள். வெளியூரிலிருந்து வரும் பைலட்டுகளுக்கு முகாம்காரர்கள் இதைப் பதிவின்போதே சொல்லி, முதல் நாள் எஞ்சினை ட்யூன் பண்ண ஒரு நேரம் ஒதுக்கியிருக்கலாம். ஒதுக்கவில்லை.

இப்போது பெட்ரோல். கூடாரத்துக்கு வெளியே நல்ல வெயிலில் நான்கு பிளாஸ்டிக் கேன்கள். ஒன்றுக்கு மூடியே இல்லை, துணி திணித்திருந்தார்கள். எண்ணெய் கலந்தது எது, கலக்காதது எது என்று எழுதவில்லை, எப்போது வாங்கியது என்றும் தெரியவில்லை. கேட்டால், "கலர் பாத்தா தெரியும் பிரதர்" என்று ஒரு பையன் சொன்னான். தம்பி, டூ-ஸ்ட்ரோக்குக்கு ஊற்றும் டூ-டி எண்ணெய் எல்லா கம்பெனியிலும் ஒரே கலர் கிடையாது!

நான்கு-ஸ்ட்ரோக் வண்டி ஓட்டுபவர்களுக்கு இது ஏன் பெரிய விஷயம் என்று புரியாமல் போகலாம். டூ-ஸ்ட்ரோக்கில் பெட்ரோலோடு கலந்து வரும் எண்ணெய்தான் பிஸ்டனுக்கும் பேரிங்குக்கும் ஒரே உயவு. லிட்டருக்கு 20 மில்லி என்பது பொதுவான அளவு. இப்போது பங்க்கில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். அந்த இ20 பெட்ரோலை 2023 பிப்ரவரியில் பெங்களூரில் வைத்துத்தான் அறிமுகமே செய்தார்கள். எத்தனால் தண்ணீரை உறிஞ்சும். மூடி இல்லாத கேனுக்குள் மழைத்தண்ணீர் போதுமான அளவு இறங்கினால், எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து பிரிந்து கேனின் அடியில் தங்கிவிடும். எண்ணெய் மேலே பெட்ரோலோடு நின்றுவிடும். டேங்கில் பெட்ரோலை உறிஞ்சும் குழாய் அடியில் இருக்கிறது. ஆக எஞ்சினுக்கு எண்ணெய் இல்லாத சரக்கு போகும். ரோட்டில் வண்டி பிடித்துக்கொண்டால் கிளட்ச்சை அழுத்தி ஓரமாக நிறுத்தலாம். வானத்தில் ஓரம் ஏது?

சொன்னால் நம்பவில்லை. சமையல்காரரிடம் ஒரு கண்ணாடிக் குழாய் போன்ற பாட்டில் வாங்கி ஸ்கேல் வைத்துக் கோடு போட்டேன். எண்ணெய் கலக்காத பெட்ரோல் 100 மில்லி, தண்ணீர் 10 மில்லி, நன்றாகக் குலுக்கி வைத்தேன். ஐந்து நிமிஷத்தில் அடியில் 30 மில்லிக்கு ஒரு தனி அடுக்கு. ஊற்றியது 10, வந்தது 30, நடுவில் உள்ள 20 எத்தனால். சென்னைக்காரர் உடனே தன் டேங்கைக் காலி செய்துவிட்டு பங்காருப்பேட்டைக்கு ஆளனுப்பினார். முகாம்காரர்கள் கேன்களை நிழலுக்கு மாற்றினார்கள், மூடி மட்டும் ராத்திரிவரை கிடைக்கவில்லை. பல லட்சம் கொடுத்து வாங்கின சாமான், இருபது ரூபாய் மூடி.

சாயங்காலத்துக்கு வருவோம். நாலரை மணிக்கு வெயில் தணிந்து மைதானம் அழகாக இருந்தது. காற்றின் திசை காட்டும் துணிக்குழாயான விண்ட்சாக் அசையாமல் தொங்குகிறது. டிக்கெட் வாங்கியவர்கள் வரிசையில் நிற்கிறார்கள், மருமகனும் அதில். மேற்கே, நல்ல தொலைவில், கறுப்பாக ஒரு மேகம். இங்கே ஒரு சொட்டும் இல்லை. பொறுப்பாளர் விசில் அடித்து எல்லா விங்கையும் மடிக்கச் சொல்லிவிட்டார். வரிசையில் ஒரே கூச்சல். "காத்தே இல்லையே சார், ஏன் விடமாட்டேங்கறீங்க?" என்று ஒருவர் கேட்டார். "அதுதான் சார் எனக்குப் பிடிக்கல" என்றார் பொறுப்பாளர்.

பணத்தைத் திருப்பிக் கொடு என்று ஒரு குரல் எழும்பியது. அவர் பதில் சொல்லாமல் விண்ட்சாக்கையே பார்த்துக்கொண்டு நின்றார். கொஞ்ச நேரத்தில் அது லேசாக மேற்கே திரும்பியது. அதாவது காற்று கிழக்கிலிருந்து அந்த மேகத்தை நோக்கி இழுபடுகிறது. பிறகு மறுபடி தொங்கியது. அப்புறம் முகத்தில் ஃபிரிட்ஜைத் திறந்தது போல் ஒரு குளிர். மைதானத்தின் கோடியில் செம்மண் எழும்பி ஒரே சீராக எங்களைப் பார்த்து வந்தது. விண்ட்சாக் நேர் எதிர்ப்பக்கம் படக்கென்று திரும்பி விறைத்து நின்றது. பதிவு மேசையின் ஷாமியானா கால் பிடுங்கிக்கொண்டது. ஹைதராபாத் பையன் ஒருவன் மட்டும் விங்கை மடிக்காமல் வைத்திருந்தான், அதோடு உடம்பைக் கட்டியிருக்கும் ஹார்னஸைக் கழற்றவும் இல்லை. விங்கில் காற்று ஏறி அவனை இழுத்துக்கொண்டு போனது. இரண்டு பேர் ஓடி விங்கின் மேல் விழுந்து அமுக்கினார்கள். முழங்கை தேய்ந்ததோடு போயிற்று.

பிறகு அவர் விளக்கினார். மழை கொட்டும் இடத்தில் குளிர்ந்த காற்று கனமாகி நேரே கீழே விழும். தரையில் மோதி நாலா பக்கமும் பரவும். மழை வருவதற்கு முன்னாலேயே, மழையே வராத ஊருக்குக்கூட, அந்தக் காற்று வந்து சேரும். அதற்கு முன் வரும் அமைதியில்தான் ஆட்கள் ஏமாந்து கிளம்பிப் போவார்கள். அந்த நேரத்தில் நான்கு பேர் வானத்தில் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று வரிசையில் நின்ற யாரும் அதற்கு மேல் பேசவில்லை. அன்றைக்கு அவருக்கு எவ்வளவு டிக்கெட் பணம் நஷ்டம் என்று மனசுக்குள் போட்டுப் பார்த்தேன், சின்னத் தொகை இல்லை. இவர் இருக்கும் முகாமுக்கு என் அக்கா மகனைத் தனியாகக்கூட அனுப்புவேன்.

கால் மணி நேரம் கழித்து மழை பிடித்துக்கொண்டது. டென்ட்டைப் பற்றி நல்லதாகச் சொல்ல முயல்கிறேன்: கம்பிகள் உறுதியானவை. தரையில் விரித்த ஷீட் சின்னது, ஓரத்தில் தண்ணீர் ஏறிவிட்டது. சுற்றிலும் ஒரு முழம் ஆழத்துக்கு வாய்க்கால் வெட்டியிருந்தால் போதும், மண்வெட்டியும் ஆளும் இருந்தார்கள். கழிவறை இரண்டே இரண்டு, நூறு பேருக்கு. பெண்களுக்குத் தனியாக இல்லை. பெண் பைலட்டுகளே மூன்று பேர் வந்திருந்த இடத்தில் இது கொஞ்சமும் சரியில்லை.

சாப்பாடு மட்டும் பழுதில்லை. ராபர்ட்சன்பேட்டையிலிருந்து வந்த சமையல் குழு. ராத்திரி மழையில் அடுப்பு அணையாமல் தகரம் பிடித்துக்கொண்டு சூடாக ராகிக் களியும் கோழிக் குழம்பும் போட்டார்கள், சைவத்துக்குக் கத்திரிக்காய் கார குழம்பு. காலையில் பொங்கலில் மிளகை முழுசாகப் போட்டிருந்தார்கள். சமையல்கார அம்மா நான் கோலார் தங்கவயல் குடும்பத்துப் பையன் என்று தெரிந்ததும், "எந்த லைன்பா?" என்று, எந்தச் சுரங்கத் தொழிலாளர் குடியிருப்பு வரிசை என்று, விசாரித்துக் கூடுதலாக ஒரு கரண்டி வைத்தார்.

மழை நேரத்தில் பைலட்டுகள் சமையல் கொட்டகையில் உட்கார்ந்து பேசியதைக் கேட்டது தனி லாபம். இந்த விளையாட்டு பரவியதே சிக்கனத்தினாலாம். 1978-ல் பிரான்சில் மியூஸி என்கிற ஊரில் பாராசூட்டில் குதிக்கிறவர்கள் மூன்று பேர், விமானத்துக்குச் செலவழிக்காமல் குதிக்க வழி தேடி மலைச்சரிவில் ஓடிப் பார்த்தார்கள், பாராசூட் தூக்கிக்கொண்டு போனது. எஞ்சின் அதற்கப்புறம் வந்து சேர்ந்தது. நம் ஊரில் 2022-ல் மத்திய அரசு தேசிய வான் விளையாட்டுக் கொள்கை வெளியிட்டபோது பாராமோட்டாரையும் பட்டியலில் சேர்த்தது. பயணிக்குக் காப்பீடு இருக்கிறதா என்று நான் கேட்டேன். தாளை எடுத்துக் காட்டினார்கள், தேதி நடப்பில் இருந்தது. நீங்கள் எங்கே போனாலும் கேளுங்கள், கையெழுத்து வாங்கும் படிவத்தில் அது இருக்காது.

ஞாயிறு காலை ஐந்து மணிக்கு வானம் கழுவிவிட்டது போல இருந்தது, ஒரு இலை அசையவில்லை. எல்லோரும் பரபரப்பாகிவிட்டார்கள். பொறுப்பாளர் மறுபடி தடுத்தார். முதல் காரணம் ஈரம். விங்கில் தண்ணீர் இறங்கியிருந்தால் துணி கனத்து, பறக்கும்போது முன்னேறாமல் அப்படியே செங்குத்தாக இறங்கும் நிலைக்குப் போய்விடும். ராத்திரி பையில் நனைந்தவை எல்லாம் அன்றைக்கு ஓய்வு. இரண்டாவது, கீழே அமைதியாக இருந்தாலும் விடியற்காலையில் நூறு, நூற்றைம்பது மீட்டர் உயரத்தில் காற்று வேகமாக ஓடும். அனுபவசாலி ஒருவர் தனியாகக் கிளம்பிப் பார்த்துவிட்டு ரேடியோவில் சொன்னார், மேலே மணிக்கு முப்பது கிலோமீட்டருக்குக் கிட்டே. காத்திருந்தோம். ஏழு மணியை நெருங்கும்போது அது தணிந்தது, அதற்கப்புறம் வரிசை நகர்ந்தது.

என்னை ஏற்றியது மூன்று சக்கர ட்ரைக், ஓட வேண்டிய வேலை இல்லை. முன்னால் நான், பின்னால் பைலட், அவருக்குப் பின்னால் எஞ்சின். ஈரத்தரையில் சக்கரம் உருள ரொம்ப நேரம் எடுத்தது. மேலே போனதும் பயம் வரும் என்று நினைத்தேன், காதுதான் வேலை செய்தது. எஞ்சின் ஒரு நூல் ரிச்சாக, அதாவது பெட்ரோல் கூடுதலாக, ஓடியது, அதில் எனக்கு நிம்மதி. கீழே ஏரிகளில் செம்மண் தண்ணீர், தக்காளித் தோட்டம், நீலகிரித் தோப்பு, மாந்தோப்பு. ஒரு பக்கம் வெளுத்துப்போன சயனைடு மேடுகள், தங்கம் பிரித்தெடுத்த கழிவு மண் குவியல்கள், தெரிந்தன, தங்கவயல். என் தாத்தா அங்கே சாம்பியன் ரீஃபில் வேலை பார்த்தவர், அந்தச் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கு மேல் ஆழம். பேரன் ஏறியது நூற்றைம்பது மீட்டர், அதற்கு 4,000 ரூபாய். வெயில் சூடேற ஆரம்பித்து ட்ரைக் ஒரு குலுக்குக் குலுக்கியதும் பைலட் பேச்சில்லாமல் திருப்பி இறக்கிவிட்டார். சொன்ன பத்து நிமிஷத்துக்குக் கொஞ்சம் குறைவுதான், அதில் எனக்கு வழக்கில்லை.

வழக்கு வேறு இடத்தில். எஞ்சின்கள் ஓடும் பகுதிக்கும் பார்வையாளர்களுக்கும் நடுவில் ஒரு கயிறு கட்டியிருந்தார்கள், சனிக்கிழமை காற்றில் அது விழுந்தது. ஞாயிறு காலையில் யாரும் திரும்பக் கட்டவில்லை. செல்ஃபி எடுக்கிறவர்கள் புரொப்பல்லருக்குக் கைநீட்டும் தூரத்தில் நின்றார்கள். ஒரு சின்னக் குழந்தை பந்தைத் துரத்திக்கொண்டு உள்ளே ஓடியது, சமையல்கார அம்மாதான் பிடித்து இழுத்தார். கூண்டு வலை கையைத் தடுக்கும் என்று நம்பாதீர்கள். எஞ்சின் ஸ்டார்ட் செய்யும்போது திராட்டில் எகிறி, ஆள் தடுமாறிக் கை உள்ளே போவதுதான் இந்த விளையாட்டில் தரையில் ஏற்படும் மோசமான காயங்களுக்கு முக்கியக் காரணம், பைலட்டுகளே சொன்னார்கள். வானத்துக்கு ஒரு பொறுப்பாளர் இருப்பதுபோல் தரைக்கும் ஒருவரை நிறுத்த வேண்டும். விசிலும் கொடுக்க வேண்டும்.

பழைய விங்குகள் விற்கும் ஒரு மேசையும் இருந்தது. புதுசில் பாதி விலை, மூன்றில் ஒரு பங்கு விலை என்றார்கள். எஞ்சின் என்றால் பழையதை வாங்கிப் பிரித்துப் பார்த்துச் சரி செய்துவிடுவேன். துணி அப்படியில்லை. வெயில் பட்டுப்பட்டு நைலான் நைந்திருந்தாலும் கண்ணுக்குப் புதுசாகவே தெரியும். எத்தனை மணி நேரம் பறந்தது, கயிறுகளின் நீளத்தைக் கடைசியாக எப்போது அளந்தார்கள் என்ற இரண்டு கேள்விக்கும் விற்றவரிடம் தாள் இல்லை. மருமகன் கையில் எடுத்த நீல விங்கைத் திரும்ப வைக்கச் சொன்னேன்.

பாவம், அவன் பறக்கவே இல்லை. அவனுக்குச் சனிக்கிழமை மாலை நேரம் ஒதுக்கியிருந்தார்கள், அது காற்றோடு போயிற்று. ஞாயிறு வரிசையில் சனிக்கிழமை விடுபட்டவர்களை முன்னால் விட வேண்டாமா? புதுசாக அன்றைக்கு வந்து பணம் கட்டியவர்களையும் கலந்து விட்டார்கள், அவன் முறை வருவதற்குள் எட்டரை ஆகி விசில் அடித்துவிட்டது. விசில் சரி, வரிசை தப்பு. ரசீதின் பின்பக்கம், வானிலையால் ரத்தானால் பணம் திரும்பக் கிடையாது, நவம்பர் முகாமுக்கு வரவு வைக்கப்படும் என்று பொடி எழுத்தில் இருந்தது. நவம்பரில் இந்தப் பக்கம் வடகிழக்குப் பருவமழை. வரவு வேண்டாம், பணமாகக் கொடுங்கள் என்று நான் விடாமல் கேட்டேன். ஒரு வாரம் இழுத்தடித்து மருமகன் கணக்குக்கு அனுப்பிவிட்டார்கள், ஜிஎஸ்டியைப் பிடித்துக்கொண்டு.